ஏழு நாள் பாக்கி

விமானப்படைப் பதக்கத் துறை மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போர் முடிந்து நாற்பத்தோரு வருடம் ஆகிறது. இன்னமும் நான்கு மாடிக் கட்டடத்தில், இருநூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களை வைத்துக்கொண்டு, யாருக்கும் கொடுக்காத பதக்கங்களை அது பத்திரமாகப் பாதுகாத்து வருகிறது. கொடுத்துத் தொலைத்திருந்தால் பாதுகாக்க என்ன இருந்திருக்கும்? பாவம், அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கும் பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் காகிதம் பறக்கும். அதனால் இந்தக் கதையில் பாதியை நான் காதால் கேட்டேன். மீதியை நகல் எடுத்தேன்.

போன வருடம் ஒருநாள் காலையில் கண்ணாடிக்காரர் ஒரு பழுப்பு உறையோடு வந்து நின்றார். அறுபத்தாறு வயது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டித் திருப்புளி இருக்கும். யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணாடிச் சட்டத்தில் ஸ்க்ரூ லூசாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். முகத்தைப் பிறகுதான் பார்ப்பார்.

உறை அவர் மனைவி பெயருக்கு வந்திருந்தது. துறை தன் பொன்விழாவைக் கொண்டாடப் போகிறதாம். அதை முன்னிட்டு, இதுவரை யாரும் வந்து வாங்காத பதக்கங்களை உருக்கி, அந்த உலோகத்தில் துறை ஊழியர்களுக்கு நீண்ட சேவைப் பதக்கம் வார்க்கப் போகிறார்களாம். உரியவர்கள் மூன்று மாதத்துக்குள் நேரில் வந்து கோரினால் உருக்குவதிலிருந்து விலக்கு உண்டு. கீழே ஒரு சேவை எண்ணும் இரண்டு பதக்கங்களின் பெயரும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன: போர்ப்பணிப் பதக்கம், வீரமரணப் பதக்கம்.

அந்தச் சேவை எண், அம்மாளின் முதல் கணவருடையது. குண்டுவீச்சு விமானத்தின் வாலில், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து சுடுகிற துப்பாக்கி வீரர். கல்யாணமாகி நான்கு மாதத்தில் போர் வந்தது. விமானம் கடலில் விழுந்தது. ஒரு பொத்தான்கூடத் திரும்பி வரவில்லை. மூன்று வருடம் கழித்து அம்மாள் கண்ணாடிக்காரரைக் கட்டிக்கொண்டாள்.

அந்த வீட்டில் பேச்சு குழம்பியதே கிடையாது. 'அவர்' என்றால் போனவர். 'ஏங்க' என்றால் இருப்பவர். இரண்டு பேரில் ஒருவர் பெயரையும் அம்மாள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணாடிக்காரரும் போனவரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் சொல்லமாட்டார். தனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு ஊழியரைப் பற்றிப் பேசுவது மாதிரி, மரியாதையாக, சுருக்கமாகப் பேசுவார்.

அன்று அம்மாளும் பின்னாலேயே வந்தாள்.

"அவர் பேர் எழுதின ஒரு பொருள் வீட்ல இல்லீங்க" என்றாள் என்னிடம். "கல்யாணச் சான்று, அவர் எழுதின பதினோரு கடுதாசி, பின்னாடி பேர் எழுதின போட்டோ, எல்லாத்தையும் சரிபார்க்கணும்னு அசலா கேட்டாங்க. அப்ப நான் சின்னப் பொண்ணு, குடுத்துட்டேன். நாப்பது வருஷமா சரிபார்த்துட்டு இருக்காங்க. பதக்கத்து விளிம்புல பேர் வெட்டியிருப்பாங்களாம். அதையும் உருக்கிட்டா, அப்படி ஒருத்தர் இருந்தாருங்கறதுக்கு நான் மட்டுந்தான் அத்தாட்சி. எனக்கே அறுபத்திமூணு ஆச்சு."

அவளுக்கு முழங்கால் சரியில்லை. பதக்கப் பிரிவு நாலாவது மாடி. லிஃப்ட் பொன்விழா அன்று திறந்துவைக்கப்படுவதற்காகக் கடந்த மூன்று வருடமாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. எனவே கண்ணாடிக்காரர் போவது என்று முடிவானது. "நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்றார், ஏதோ காய்கறி வாங்கப் போகிறவர் போல.

வாசலிலேயே திருப்புளி பிடிபட்டது. காவலாளி அதை அங்குல ஸ்கேலில் அளந்து, பதிவேட்டில் 'ஆயுதம், சிறியது' என்று எழுதி, ரசீது கொடுத்தார். கண்ணாடிக்காரர் அன்று சாயங்காலம் அந்த ரசீதையும் என்னிடம் நகல் எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் எதையும் அசலாகக் கொடுக்கக் கூடாது என்பது அம்மாள் போட்ட உத்தரவு.

நாலாவது மாடியில் மூன்று ஜன்னல்கள். முதல் இரண்டும் நிரந்தரமாக மூடியிருக்கும். மூன்றாவதில் இருந்த எழுத்தரைக் கட்டடம் முழுக்க 'மூணாம் ஜன்னல்' என்றே கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியின் இடது காது உடைந்து, நூல் போட்டுக் கட்டியிருந்தது. பார்த்ததும் கண்ணாடிக்காரருக்குக் கை பரபரத்தது.

"வீரருக்கு நீங்க என்ன உறவு?"

"அவரோட மனைவியோட கணவர்ங்க."

மூணாம் ஜன்னல் படிவத்தைப் பார்த்தார். அதில் பதினான்கு உறவுகள் அச்சாகியிருந்தன. தாய்மாமன் இருந்தார். ஓரகத்தி இருந்தாள். மனைவியின் கணவர் என்றால் வீரரே என்று ஆகிவிடுகிறதே என்று அவர் நியாயமாகவே குழம்பினார்.

"அப்ப நீங்கதான் அவரா?"

"இல்லீங்க. அவர் இறந்துட்டாரு. நான் அப்புறம் வந்தேன்."

"அப்புறம் வந்தவர்னு கட்டம் இல்லையே." கொஞ்சம் யோசித்துவிட்டு, 'வீரரின் சார்பாளர்' என்று எழுதிக்கொண்டார். பிறகு கோப்பை எடுத்துக் கண்ணுக்கு வெகு அருகே பிடித்தார். நூல் அவிழ்ந்து கண்ணாடி மேஜையில் விழுந்தது. கண்ணாடிக்காரரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கீழே போய் ரசீதைக் காட்டி ஆயுதத்தை மீட்டு, மேலே வந்து, ஜன்னல் துவாரத்தின் வழியாகவே கண்ணாடிக்குப் புதுக் காது மாட்டிவிட்டார். பவரையும் சோதித்தார். பதினெட்டு வருடம் பழைய பவர். அடுத்த தடவை போகும்போது புது லென்ஸும் போட்டுக் கொடுத்தார்.

இது துறைக்கு நேர்ந்த பெரிய விபத்து என்று பிற்பாடு தெரிந்தது. அதுவரை மூணாம் ஜன்னல் கோப்புகளில் கையெழுத்து மட்டும் போட்டு வந்தார். இப்போது படித்துவிட்டுப் போட ஆரம்பித்தார்.

முதலில் படித்தது நம்முடைய கோப்பைத்தான். போர்ப்பணிப் பதக்கத்துக்கு நூற்று எண்பது நாள் சேவை வேண்டும். வீரரின் கணக்கில் நூற்று எழுபத்துமூன்று நாள்தான் இருந்தது.

"ஏழு நாள் பாக்கி இருக்கே" என்றார்.

"விமானம் விழுந்துடுச்சுங்களே."

"அதுவும் எழுதியிருக்கு. 'நூற்று எழுபத்துமூன்றாம் நாள் மாலை பணியிலிருந்து திரும்பவில்லை.' காரணம்ங்கற கட்டத்துல ஒண்ணும் எழுதல."

"சரி, வீரமரணப் பதக்கத்தையாவது..."

"அதை இதுக்கு இடது பக்கம்தான் குத்தணும். இது இல்லாம இடது பக்கம் எது?"

இதற்கு மேல் துணை இயக்குநரைத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒன்றரை மாதம் கழித்துப் பார்க்க முடிந்தது. துணை இயக்குநர் அருமையான மனிதர். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். இருபது நிமிடம் பேசினார். கண்ணாடிக்காரர் அதை வரிக்கு வரி வந்து சொன்னார். அவருக்கு அப்படியே பதிந்துவிட்டிருந்தது.

"இங்க பாருங்க, வீரர்கள் மேல எங்களைவிட மரியாதை உள்ளவங்க யாரும் கிடையாது. அதனாலதான் கண்டவங்களுக்கும் குடுக்கறதில்ல. நூத்தி எண்பது நாள்ங்கறது தியாகம். நூத்தி எழுபத்திமூணுங்கறது ஆர்வம். ஆர்வத்தை நாங்க பாராட்டறோம். ஆனா ஒருத்தர் ஏழு நாள் முன்னாடியே விழுந்துட்டாருங்கறதுக்காகச் சலுகை காட்டினா, நாளைக்கு எல்லாரும் முன்னாடியே விழ ஆரம்பிச்சுடுவாங்க. எனக்கே பாருங்க, பணி ஓய்வுக்கு இன்னும் ஏழு நாள் இருக்குன்னு வைங்க, நான் விழுவேனா?"

"மாட்டீங்க" என்றார் கண்ணாடிக்காரர் மனப்பூர்வமாக.

"அதான். இருந்தாலும் உங்க மனு நிலுவைல இருக்கறதால விழா ஒத்திகைக்கு நீங்க வந்தாகணும். பதக்கம் உண்டா இல்லையாங்கறது வேற விஷயம். ஒத்திகைக்கு வராதவங்க மனு தானா ரத்தாயிடும்."

ஒத்திகை தரைத்தளக் கூடத்தில் நடந்தது. நடத்தியவர் பேண்டு வாத்தியக் குழுவிலிருந்து வந்த ஒத்திகை அதிகாரி, கழுத்தில் விசில். வந்தவர்கள் நாற்பது பேர். பெரும்பாலும் தள்ளாதவர்கள். ஒவ்வொருவர் நெஞ்சிலும் வீரரின் சேவை எண் எழுதிய அட்டை குத்தப்பட்டது. வருகைப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராகக் கையெழுத்து. எண்ணைக் கூப்பிட்டதும் 'ஆஜர்' சொல்ல வேண்டும்.

"அவர் இறந்துட்டாருங்களே, நான் எப்படி ஆஜர்னு..." என்று கண்ணாடிக்காரர் இழுத்தார்.

"இறந்தவங்க சார்பா வந்தவங்க கொஞ்சம் மெதுவா சொன்னாப் போதும்" என்றார் அதிகாரி.

அடுத்து கையேட்டின் ஒன்பதாம் பக்கம். ஒவ்வொரு வீரரும் அவரவர் பணி நிலையில் மேடையை நெருங்க வேண்டும். விமானி நேராக நடந்து வரலாம். வழிகாட்டியாக இருந்தவர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரலாம். வால் துப்பாக்கிக்காரர் விமானத்தில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவர். ஆகவே அவர் பின்னோக்கி நடந்துதான் வர வேண்டும்.

கண்ணாடிக்காரர் அன்று பூந்தொட்டியில் இடித்துக்கொண்டார். இரண்டாவது ஒத்திகையில் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அப்படியே உட்கார்ந்த நிலையில் அவருக்கு ஷூ பாலிஷ் டப்பா மூடி ஒன்று பதக்கமாகக் குத்தப்பட்டது. குத்தியவர் அமைச்சர் அல்ல, அமைச்சருக்குப் பதிலாக நிறுத்தப்பட்ட ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற உதவியாளர். மூன்றாவது ஒத்திகை அந்த நாற்காலியின் உயரத்துக்காக மட்டும் நடந்தது. நான்காவதற்கு உதவியாளர் விடுப்பில் போய்விட்டதால், அவருக்குப் பதிலாக இன்னொருவரை நிறுத்தி, அவர் குனியப் பழகும்வரை எல்லோரும் கூடத்துக்கு வெளியே வெயிலில் காத்திருந்தார்கள். ஐந்தாவது கைதட்டல் பயிற்சி. கைதட்டல் மூன்றாம் வரிசையில் தொடங்கிப் பரவ வேண்டும். கண்ணீர் வரக்கூடியவர்கள் ஐந்தாம் வரிசைக்குப் பின்னால் உட்கார வேண்டும். முன்வரிசையில் அழுதால் படத்தில் மூக்கு சிவப்பாக விழுகிறது.

இதையெல்லாம் கேட்டு நான் இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருப்பேன். ஆறாவது ஒத்திகை முடிந்து வந்த அன்றைக்குச் சாயங்காலம் சிரிக்க முடியவில்லை. அம்மாள் கடைக்கு வந்திருந்தாள். கண்ணாடிக்காரர் சட்டம் ஒன்றைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"இன்னிக்கு எங்கயும் இடிக்கல."

"பழகிடுச்சா?"

"பழகிடுச்சு. இடிக்காம நடந்ததாலதான் கவனிச்சேன். பின்னாடி நடக்கறப்ப எங்க போறோம்னு தெரியல. விட்டுட்டு வந்தது மட்டும் சின்னதாகிட்டே போகுது. வாசக்கதவு, வரிசை வரிசையா ஆளுங்க, எல்லாம் தள்ளித் தள்ளிப் போகுது. பாவம், அந்த மனுஷன் நூத்தி எழுபத்திமூணு நாள் இப்படித்தான போயிருப்பாரு."

அம்மாள் அந்தச் சட்டத்தை அவர் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்தாள்.

"எழுதியிருந்தாரு" என்றாள் பிறகு. "போற இடத்தை ஒருநாளும் பார்த்ததில்ல, கிளம்பின இடத்தை மட்டுந்தான் கடைசிவரைக்கும் பார்க்கறேன்னு. அஞ்சாவது கடுதாசி. அதுவும் அவங்ககிட்டதான் இருக்கு."

இத்தனை வருடத்தில் போனவரைப் பற்றி அவர்கள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். இருவரும் வீட்டுக்குக் கிளம்பும்போது கண்ணாடிக்காரர் கடையைப் பூட்டவே மறந்துவிட்டார். நான்தான் பூட்டினேன்.

ஏழாவது ஒத்திகை முடிந்ததும் விழா ரத்து என்று அறிவித்தார்கள். ஒத்திகைகள் எல்லாம் குறையின்றி நடந்துவிட்டதால் விழா நடந்ததாகவே கருதப்படும் என்றும், இதனால் அமைச்சரின் நேரம் மிச்சமாகிறது என்றும் பலகையில் ஒட்டினார்கள். உருக்குவதற்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. கண்ணாடிக்காரர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதைப் பற்றி யோசித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். அப்போது மூணாம் ஜன்னல் மாடியிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் அந்த ஜன்னலுக்கு வெளியே வந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அவருக்குக் கால்கள் இருப்பதே சிலருக்கு அன்றுதான் தெரிந்ததாம்.

"விதி முப்பத்தொன்பதுங்க" என்றார். "இத்தனை வருஷமா இந்த எழுத்து எனக்குத் தெரியவே இல்ல. பொடி எழுத்து. 'சேவை எண்ணுக்கு நேராக வருகைப் பதிவேட்டில் ஒப்பமிட்ட நாள் ஒவ்வொன்றும் சேவை நாளே.' நீங்க ஏழு நாள் ஒப்பம் போட்டிருக்கீங்க."

"நான் போட்டேன். அவர் இல்லையே."

"எண் அவரோடதுதான? நூத்தி எழுபத்திமூணும் ஏழும் எவ்வளவு?"

கண்ணாடிக்காரருக்குக் கூட்ட வரவில்லை. விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

துணை இயக்குநர் அந்தக் கோப்பை இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். நடுவில் நாற்பத்தோரு வருடம் இடைவெளி இருப்பது அவருக்கு உறுத்தியது. அதை 'நீண்ட விடுப்பு' என்று வகைப்படுத்திய பிறகு உறுத்தல் நின்றது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "பார்த்தீங்களா, முறைப்படி வந்தா நாங்க யாருக்கும் இல்லைன்னு சொல்றதில்ல" என்றார். அதுவும் உண்மைதான். யாரும் முறைப்படி வந்ததில்லை, அவ்வளவுதான்.

முதலில் போர்ப்பணிப் பதக்கம் ஜன்னல் துவாரத்தின் வழியாக, ஒரு காகிதப் பொட்டலத்தில் வந்தது. கைதட்டல் கிடையாது. மூணாம் ஜன்னல் மட்டும் எழுந்து நின்றாராம்.

அம்மாள் கடையிலேயே காத்திருந்தாள். பொட்டலத்தைப் பிரித்து, பதக்கத்தின் முகப்பைப் பார்க்கக்கூட இல்லை. "விளிம்பைப் படிங்க" என்றாள். கண்ணாடிக்காரர் கண்ணில் உருப்பெருக்கியைப் பொருத்திக்கொண்டு விளக்கடியில் பிடித்தார். பிடித்தவர் படிக்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது.

"என்னங்க, பேர் இல்லையா?"

"இருக்கு." அவர் உருப்பெருக்கியைக் கழற்றினார். "அவர் பேர் இருக்கு. நூத்தி எழுபத்திமூணு நாள்னு போட்டிருக்கு. அதுக்கு அடுத்தாப்ல என் பேரையும் வெட்டி வச்சிருக்கானுங்க. ஏழு நாளாம். சே, என்ன வேலை இது. நீ கவலைப்படாதே, லென்ஸ் தேய்க்கற சக்கரத்துல வச்சு என் பேரை மட்டும் எடுத்துடறேன். தெரியவே தெரியாது."

"தொட்டுப் பாருங்க, அப்புறம் தெரியும்" என்றாள் அம்மாள்.

உருப்பெருக்கியை வாங்கித் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள். பதக்கத்தை மெதுவாகச் சுற்றினாள். முதல் பெயரை வாய்விட்டுப் படித்தாள். இன்னும் கொஞ்சம் சுற்றி, இரண்டாவது பெயரையும் வாய்விட்டுப் படித்தாள். கண்ணாடிக்காரர் தன் பெயரை அவள் வாயால் கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட பையன் மாதிரி எழுந்து நின்றுவிட்டார்.

"உட்காருங்க" என்றாள். "மிச்ச ஏழு நாளை யாராவது பார்த்துத்தான ஆகணும்."

பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் மூக்கும் சிவந்துதான் போயிற்று. நல்லவேளை, படம் எடுக்க யாரும் இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் துறையைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை எழுதியிருப்பேன். மூன்று வாரம் கழித்து இன்னொரு பழுப்பு உறை வந்தது. இம்முறை கண்ணாடிக்காரர் பெயருக்கு. நகல் என்னிடம் இருக்கிறது:

'மேற்படி சேவை எண்ணில் அண்மையில் வருகைப் பதிவு காணப்படுவதால், நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட மரணக் குறிப்பு ரத்து செய்யப்படுகிறது. அந்த எண் தற்போது தங்கள் பேரில் நடப்பில் உள்ளது. வீரமரணப் பதக்கம் பெறுவதற்கு எண்ணுக்குரியவர் உயிருடன் இல்லாதிருத்தல் அவசியம். பொன்விழாவை முன்னிட்டுச் சிறப்பு அவகாசமாக, இம்மாத இறுதிக்குள் தாங்கள் இத்தகுதியைப் பூர்த்தி செய்து, இறப்புச் சான்றிதழின் அசலுடன் நேரில் வந்து பதக்கத்தைப் பெற்றுக்கொள்ளலாம். தவறினால் பதக்கம் உருக்கப்படும்.'

கண்ணாடிக்காரர் அதை மூன்று தடவை படித்தார். "இந்த மாசம் முப்பதா முப்பத்தொண்ணா?" என்று என்னைக் கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பார். ஆனால் ஏழு ஒத்திகை பார்த்த மனிதர். உறுதியாகச் சொல்ல முடியாது.

அம்மாள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். கடை மேஜையில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் பதில் எழுதினாள். எழுதிய கையோடு என்னிடம் கொண்டுவந்தாள்.

'ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. வீரமரணப் பதக்கம் எங்களுக்கு வேண்டாம். தாராளமாக உருக்கிக்கொள்ளுங்கள். நாற்பத்தோரு வருடத்துக்கு முன்னால் ஒருவரை அனுப்பினேன், நீங்கள் திருப்பி அனுப்பவில்லை. இன்னொருவரை அனுப்புவதாக இல்லை. அவருக்குக் கடையில் வேலை இருக்கிறது.'

கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, சிறிய எழுத்தில், 'என் பதினோரு கடிதங்களைச் சரிபார்த்து முடித்ததும் அனுப்பவும்.'

"தபால்ல போடணும். ஒரு நகல் எடுங்க" என்றாள்.

எடுத்தேன். வழக்கம்போல நகலை அவளிடம் நீட்டிவிட்டு, அசலை உறைக்குள் வைக்கப் போனேன். அம்மாள் என் கையைத் தடுத்தாள்.

"நகலை அனுப்புங்க. அசல் என்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, "ஏங்க, நேரமாச்சு, வீட்டுக்குப் போலாம்" என்று பலகைக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.